உஷாவைத் தெரியும்... நம்பியாரைத் தெரியுமா? சிஷ்யைக்கு 1985ல் பத்மஸ்ரீ, குருவுக்கு 2021ல்!

கூடங்குளம், இடிந்தகரை பக்கம் கடற்கரை மணல்ல ஓடிப் பழகுற பிள்ளைங்ககிட்ட "யார் மாதிரி வரணும்?"னு கேட்டா, வீட்டுப் பெரியவங்க முந்திக்கிட்டு சொல்ற பேர் பி.டி.உஷா. ஆனா, அந்த உஷாவை உருவாக்கியவர் யார்னு கேட்டா பலருக்கும் பதில் தெரியாது. அவர் பெயர் ஓ.எம்.நம்பியார். இந்தியாவில் முதன்முதலில் துரோணாச்சார்யா விருது வாங்கிய பயிற்சியாளர்களில் ஒருவர்.

அவர் கதையை இப்போ ஏன் பேசணும்? நம்ம ஊர் பி.டி. சார்களின் கதையும் அதுக்குள்ள இருக்கு என்பதால்தான்.

யார் இந்த நம்பியார்?

கேரளாவின் கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்தவர். முழுப் பெயர் ஒதயோத்து மாதவன் நம்பியார். காலேஜ் நாட்களிலேயே நல்ல ஓட்டக்காரர். பிறகு இந்திய விமானப்படையில் சேர்ந்தார். ஆனா, இந்தியாவுக்காக ஓடும் வாய்ப்பு அவருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் படிப்பை முடித்துவிட்டு, கேரள விளையாட்டு கவுன்சிலுக்கு வந்தார்.

உஷாவைக் கண்டுபிடித்தது எப்படி?

1976ல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென ஒரு விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது. அதில் சேர்ந்த 40 மாணவிகளில் ஒருவர் பையோளியைச் சேர்ந்த ஒல்லியான சிறுமி உஷா. அவரது வேகமான நடையையும் உடல்வாகையும் பார்த்தே நம்பியார் கணித்துவிட்டார் என்று சொல்வார்கள். அடுத்த 14 வருஷம் அவர்தான் கோச். பையோளி கடற்கரை மணல்தான் இவங்களோட முக்கியமான மைதானம்.

லாஸ் ஏஞ்சல்ஸில் என்ன நடந்தது?

1984 ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 100, 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த உஷாவை நம்பியார் இந்தப் பக்கம் திருப்பினார். இது சின்ன முடிவு இல்லை. மொத்தம் 10 தடைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே 35 மீட்டர். அந்த இடைவெளியில் எத்தனை அடி வைக்கணும், எந்தக் காலைத் தூக்கித் தாண்டணும் என்பதெல்லாம் மாசக்கணக்கா பழகினால்தான் வரும். வேகம் மட்டும் இருந்தா போதாது.

இறுதிப் போட்டியில் முதல் ஸ்டார்ட் செல்லாமல் போக, எல்லோரும் மறுபடி ஓட வேண்டி வந்தது. முடிவு: ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41 விநாடி, உஷா 55.42 விநாடி. நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் போச்சு. அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டா ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். கையை வச்சுப் பார்த்தா நாலு விரல் அகலம்!

அதோட உடைந்து போனார்களா? இல்லை. அடுத்த வருஷமே ஜகார்த்தா ஆசிய தடகளத்தில் உஷாவுக்கு 5 தங்கம், 1 வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 4 தங்கம், 1 வெள்ளி. தோல்விக்கு அப்புறம் ஒரு பிள்ளையை மறுபடி மைதானத்துக்குக் கூட்டி வர்றதுதான் கோச்சோட உண்மையான வேலை. அதை நம்பியார் செய்து காட்டினார்.

அங்கீகாரம் ஏன் இவ்வளவு லேட்?

துரோணாச்சார்யா 1985லேயே வந்துவிட்டது. அதே ஆண்டில் உஷாவுக்கு பத்மஸ்ரீ. ஆனா, அதே பத்மஸ்ரீ நம்பியாருக்கு வர 2021 ஆனது. இடைவெளி 36 வருஷம்! அதே பட்டியலில் சென்னையின் கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரையும் இருந்தார். 19 வயதில் இந்திய அணிக்கு கேப்டன் ஆனவர். விளையாடுறவங்க பேரே இப்படி எப்பவாவதுதான் வெளிய வருதுன்னா, அவங்களுக்கு முதன்முதலா பந்து கொடுத்தவர் பேர் எங்கே வரப் போகுது?

பதக்கம் ஜெயிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் கடைசி கோச். பத்து வயசில் "இந்தப் பிள்ளைகிட்ட ஏதோ இருக்கு"னு சொன்ன முதல் கோச் போட்டோவிலேயே இருக்க மாட்டார். நம்பியார் இரண்டுமாக இருந்ததால்தான் நமக்கு அவர் பேராவது தெரியுது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் பாட் சம்மிட் என்ற பெண், 22 வயதில் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமைக் கோச் ஆனார். 1974 முதல் 2012 வரை அதே இடம். 1,098 வெற்றிகள், 8 தேசிய சாம்பியன் பட்டங்கள். இதைவிடப் பெரிய விஷயம், அவரிடம் முழுக் காலமும் ஆடிய எல்லா மாணவிகளும் டிகிரி முடித்தார்கள். 38 சீசன் ஒரே கோச்சை ஒரு கல்லூரி நம்பியது. அதுதான் வித்தியாசம்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

கூடங்குளத்திலிருந்து பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்துக்கு பஸ்ஸில் போய் வரவே பாதி நாள் போயிடும். தினமும் பயிற்சிக்குப் போக முடியாது. அப்போ ஒரு பிள்ளையோட திறமையை முதலில் பார்க்கப் போறது உள்ளூர் பள்ளியின் பி.டி. சாரோ டீச்சரோதான். அவங்க பீரியடை கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துட்டா, அந்தப் பிள்ளையை யாருமே பார்க்காம போயிடுவாங்க. "பொம்பளப் பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பலாமா?"னு தயங்குற அம்மா அப்பாவுக்கு தைரியம் சொல்லப் போறதும் அந்த ஒருத்தர்தான்.

நம்பியார் விட்டுச் சென்றது என்ன?

உஷா 2002ல் சொந்தமாகத் தடகளப் பள்ளி தொடங்கினார். அங்கிருந்து வந்த டின்டு லூகா 2014 ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். குரு, சிஷ்யை, சிஷ்யையின் சிஷ்யை என அந்தச் சங்கிலி நீள்கிறது.

2021 ஆகஸ்ட் 7ல் நீரஜ் சோப்ரா தடகளத்தில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்தார். சரியாக 12 நாள் கழித்து, ஆகஸ்ட் 19ல் நம்பியார் மறைந்தார்.

அடுத்த தடவை உங்க பிள்ளை ஸ்போர்ட்ஸ் டேயில் கப் வாங்கிட்டு வந்தா, கூடவே ஒரு கேள்வியும் கேளுங்க: "உனக்கு சொல்லிக் கொடுத்தது யாரு?" முடிஞ்சா, நேர்ல போய் அவருக்கும் ஒரு நன்றி சொல்லிட்டு வாங்க.