லேத்தை எடைக்குப் போடாதீர்கள்

சங்கராபுரம் பக்கம் பழைய லேத் டேப்பர் அடித்தால் போதும், "பெட் தேஞ்சு போச்சு, எடைக்குப் போடு" என்கிறார்கள். 1953இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி.யின் லேத்துக்கும் இதே தீர்ப்பு!

ரசமட்டம் வைத்துப் பார்த்தீர்களா ஐயா? பெட்டின் குறுக்கே, ஹெட்ஸ்டாக் பக்கமும் டெயில்ஸ்டாக் பக்கமும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெட் முறுக்கியிருக்கிறது. கால் போல்ட்டைத் தளர்த்தித் தகடு கொடுங்கள். இரண்டு சென்டருக்கு நடுவே கடையும்போது மட்டும் டேப்பரா? டெயில்ஸ்டாக்கை நகர்த்துங்கள்.

தேய்மானமே இல்லை என்று சொல்லவில்லை. சக் அருகே சேடில் ஆடி, டெயில்ஸ்டாக் பக்கம் இறுகினால் அது தேய்மானம்தான். அதற்கும் கிரைண்டிங் உண்டு.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டரில் ஷாப்ட் போனால், வெல்டு வைத்து எந்த லேத்தில் கடைவீர்கள்?