மனையும் மலரும்: திரி ஊட்டும் நீர்

விளக்குத் திரி எண்ணெயை மேலேற்றிச் சுடருக்கு ஊட்டுவதை நாடோறும் காண்கின்றோம். எண்ணெய் கீழே கிடக்கின்றது. சுடர் மேலே நிற்கின்றது. இடையே ஒரு சிறு பஞ்சுத் திரி. பழகிய காட்சியாதலின் அதனை எவரும் அதிசயமாகக் கருதுவதில்லை. எண்ணெய்க்குப் பதிலாக நீரையும், சுடருக்குப் பதிலாக ஒரு செடியின் வேரையும் அத்திரி இணைக்குமாயின் என்ன நிகழும்? பூச்சாடி வளர்ப்போர் பலர் மேலைநாடுகளிற் கையாளும் இம்முறையை நம் சம்பூர் வீடுகளிலும் பரீட்சித்துப் பார்க்கலாமா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கேள்வி வீண் பொழுதுபோக்குக்காக எழுந்ததன்று. மாரி ஓய்ந்தபின் கச்சான் வீசும் மாதங்களில் நம் பகுதியின் வெம்மை யாவரும் அறிந்ததே. காலையில் வார்த்த நீர் மாலைக்குள் வற்றிவிடுகின்றது. பிணியாளருக்குத் துணையாகத் திருகோணமலை வைத்தியசாலையில் நான்கு நாட் தங்க நேர்ந்தால், வீட்டிலுள்ள பூச்சாடிகளை நினைந்து வருந்தும் தாய்மார் உளர். 2006ஆம் ஆண்டில் ஊரைவிட்டு அகன்று, 2015, 2016ஆம் ஆண்டுகளில் மீண்டு வந்த குடும்பங்கள் பல நம்மிடையே வாழ்கின்றன. பட்டுப்போன முற்றத்தைப் பசுமையாக்கியவர்களுக்கு ஒரு செடி வாடுதல் சிறு காரியமன்று.

திரிமுறைக்குப் பெயர்பெற்ற செடி ஆபிரிக்க வயலற். பெயரில் வயலற் என்றிருப்பினும், அது வயலற் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. தன்சானியாவின் உசம்பாரா மலைகளில், நிழல் சூழ்ந்த பாறை இடுக்குகளிற் பாசியோடு வளர்வது அது. அப்பகுதி ஜேர்மானியர் ஆட்சியிலிருந்த காலத்தில், சென் போல் என்னும் குடும்பப் பெயர்கொண்ட அதிகாரி ஒருவர் அதனைக் கண்டு தம் தந்தையாருக்கு அனுப்பினார். தந்தையார் அதனை ஹனோவர் நகரத் தாவரவியலாளர் ஹெர்மன் வென்ட்லண்டிடம் சேர்ப்பித்தார். 1893ஆம் ஆண்டில் வென்ட்லண்ட் அக்குடும்பத்தின் பெயராலேயே அதற்குச் செயின்ற்போலியா எனப் பெயர் சூட்டினார். அண்மைக்கால ஆய்வாளர் அதனை வேறொரு பேரினத்துள் அடக்கியுள்ளனராயினும், பழைய பெயர் வழக்கொழியவில்லை. காடுகள் அழிவதால் அதன் தாயகத்தில் அதன் இனங்கள் பல இன்று அருகிவிட்டன. உலகெங்குமுள்ள யன்னலோரங்களிலோ அது பல்லாயிரம் வீடுகளிற் பூத்து நிற்கின்றது. தாயகத்தில் இடமிழந்த ஓருயிர் பிறர் மனையிற் பேணப்பெற்று வாழும் இவ்வரலாறு நம்மவர் நெஞ்சைத் தொடாதிருக்க இயலாது.

இச்செடியின் வேர் மெல்லியது. நீர் மிகுந்தால் அழுகும், குறைந்தால் வாடும். குளிர்ந்த நீர் இலையிற் பட்டால் வெளிறிய புள்ளிகள் தோன்றும். ஆகவே மேலே நீர் சொரியாது, கீழிருந்து சிறிது சிறிதாக ஊட்டும் திரி இதற்கு ஏற்றதாயிற்று.

திரி எவ்வாறு நீரை ஏற்றுகின்றது? நுண்ணிய குழாயொன்றின் அடிநுனி நீரிற் படுமாயின், நீர் அதனுள் தானே ஏறும். குழாய் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். ஒரு மில்லிமீற்றர் ஆரையுடைய கண்ணாடிக் குழாயில் ஏறக்குறைய ஒன்றரைச் சென்றிமீற்றர் ஏறும் நீர், அதிற் பத்திலொரு பங்கு ஆரையுடைய குழாயிற் பதினைந்து சென்றிமீற்றர் வரை ஏறும். நூலின் இழைகளுக்கிடையேயுள்ள இடைவெளிகள் இத்தகைய நுண்குழாய்களே. மண்ணின் துகள்களுக்கிடையேயும் இத்தகைய நுண்வழிகள் உண்டு. செடி நீரை உறிஞ்ச, மண் சிறிது உலர, திரி அக்குறையை நிரப்புகின்றது.

இனிச் செய்முறைக்கு வருவோம். பத்துச் சென்றிமீற்றர் அகலமுள்ள சிறு பூச்சாடி ஒன்று போதும். திரிக்கு நைலோன் நூலோ செயற்கைக் கம்பளி நூலோ கொள்க. பருத்தித் திரி ஈரத்திற் கிடந்து விரைவில் உக்கிவிடும். ஒரு சாண் நீள நூலை நனைத்து, சாடியின் அடித்துவாரம் வழியே செலுத்தி, ஒரு பாதியை உள்ளே வளைத்து வைத்து, மறுபாதியை வெளியே தொங்கவிடுக. தோட்டத்து மண் இதற்கு ஆகாது. அது இறுகி, நீரைத் தேக்கி, வேரை மூச்சடைக்கச் செய்யும். நன்றாகப் பலமுறை கழுவிய தும்புச்சோறு ஒரு பங்கும், சிறு சிறு கரித்துண்டுகள் ஒரு பங்கும் கலந்து நிரப்புக. கழுவாத தும்புச்சோற்றில் உப்பு மிகுந்திருத்தல் கூடும். பின்னர் ஒரேயொரு முறை மேலிருந்து மெல்ல நீர் வார்த்து மண்ணை நனைத்து, நீர் நிறைந்த போத்தலின்மேற் சாடியை அமர்த்துக. சாடியின் அடி நீரைத் தொடலாகாது. இரண்டு விரற்கடை இடைவெளி வேண்டும். திரி மட்டுமே நீருள் இருத்தல் வேண்டும்.

போத்தலின் புறத்தே கடதாசித் துண்டொன்றை ஒட்டி, நாடோறும் மாலையில் நீர்மட்டத்தைக் குறித்து வருக. ஒரு கிழமையில், அச்செடி எவ்வளவு நீர் அருந்துகின்றது என்பது தெளிவாகும். எத்தனை நாள் வெளியூர் சென்று வரலாம் என்பதை அக்கணக்கே உரைக்கும். பிள்ளைகளுக்கு இது நல்லதோர் விஞ்ஞான பாடமுமாகும்.

ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது நுளம்பு பற்றியது. 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அவ்வாண்டின் தொடக்கத்திற் கிண்ணியாப் பகுதி பட்ட துயரை நாம் மறத்தற்கில்லை. தேங்கிய தெளிநீரே அந்நுளம்பு விரும்பும் தொட்டில். வெயிற்காலத்தில் முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஏறக்குறைய ஒரு கிழமை போதும். ஆதலால் போத்தலின் வாயை மூடி, திரி நுழையுமளவு மட்டும் துவாரமிடுக. கிழமைக்கொருமுறை நீரைக் கொட்டி, உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவுக; வெறுமனே கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டைகள் அழியா. இச்சிறு பிரயாசைக்கு உடன்படாதோர் இம்முறையைக் கையாளாதிருப்பதே அயலார்க்கும் நன்று. ஒரு பூவின் பொருட்டு ஒரு குழந்தையைக் காய்ச்சலிற் கிடத்துவது அறமாகாது.

இரண்டாவது உப்புப் பற்றியது. கடலோரக் கிணறுகளுட் சில உவர்ப்பானவை. திரி நீரை ஏற்றும்பொழுது உப்பையும் உடனேற்றும். நீர் ஆவியாகிப் போக, உப்பு மண்ணின் மேல் வெண்படலமாக எஞ்சும். மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துதல் உத்தமம். திங்களுக்கொருமுறை மேலிருந்து நல்ல நீர் வார்த்து, அது அடிவழியே வடிந்தோடச் செய்தல் வேண்டும்.

இன்னுமோர் உண்மையை மறைத்தல் தகாது. ஆபிரிக்க வயலற்றுக்கு உகந்த வெப்பநிலை 18 முதல் 27 பாகை செல்சியசு வரை. நம் ஊரின் நண்பகல் வெம்மை கோடையில் இதனை எளிதிற் கடந்துவிடும். நுவரெலியாவில் உள்ளதுபோல் இங்கும் அது செழிக்கும் என எண்ணுதல் பேராசை. வடக்கு நோக்கிய யன்னலருகே, காற்றோட்டமும் நேர்வெயில் படாத வெளிச்சமும் உள்ள இடத்தில், மாரிக்குளிர் தொடங்குங்கால் வளர்க்க முயல்க. அது கைகூடாவிடினும் திரி வீணாகாது. நாற்று மேடைக்குச் செல்லுமுன் சாடியில் வளரும் மிளகாய், தக்காளிக் கன்றுகளுக்கும் அது நீரூட்டும். தண்ணீரை அளந்து செலவிடும் வீட்டுக்கு அதுவே பெரும் இலாபம்.

வயலற் பிழைத்துக்கொண்டால், அதன் முதிர்ந்த இலை ஒன்றைக் காம்போடு கிள்ளி ஈரத் தும்புச்சோற்றில் நடுக. சில திங்களில் அடியிற் சிறு கன்றுகள் முளைக்கும். ஓராண்டளவிற் பூவும் காணலாம். ஓர் இலை ஒரு செடியாதலின், உங்கள் முதற் கன்றை அயல்வீட்டாருக்கு வழங்குக. கூடவே திரியிடும் முறையையும், போத்தலை மூடும் முறையையும் மறவாது சொல்லிக்கொடுங்கள்.