கையொப்பம் கேட்பது கையேந்தலா?



"விளையாட்டாளர்களிடம் கையெழுத்துப் பிச்சை எடுக்கவா எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?"

அண்மையில் பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இதே கேள்வி, சற்று மெருகேறிய சொற்களில், ஆசிரியர் அறையிலும் என் காதுபட எழுந்தது. ஆகவே எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே மறுமொழி எழுதிவிடுகிறேன்.

நெகிரி செம்பிலானில், செம்பனைக்கு நடுவே இருக்கும் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலர் விளையாட்டு வீரர்களுக்கு மடல் எழுதி, அஞ்சல்வழி அவர்தம் கையொப்பங்களைப் பெற்றுச் சேர்த்து வருகிறார்கள். வாரத்தில் ஒருநாள், பள்ளி முடிந்தபின் அரைமணி நேரம். எந்தப் பாடவேளையும் இதனால் களவு போகவில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வை அரசாங்கம் 2021-ஆம் ஆண்டிலேயே ஒழித்துவிட்டது. ஆயினும், தேர்வுக்கு வராத எதுவும் வீண் என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் உயிரோடுதான் இருக்கிறது!

முதலில் இந்தப் 'பிச்சை' என்னும் சொல்லைப் பார்ப்போம். மாணவன் அரைப்பக்கத்தில் ஒரு மடல் எழுதுகிறான். அதனுடன் ஒரு வெள்ளை அட்டையை வைக்கிறான். தன் முகவரி எழுதி, அஞ்சல்தலை ஒட்டிய இன்னோர் உறையை மடித்து உள்ளே செருகுகிறான். தாள் அவனுடையது, உறை அவனுடையது, போக வரச் செலவும் அவனுடையது. அந்த வீரரிடம் அவன் கேட்பது அரை நிமிடம். தன் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு ஒருவரின் அரை நிமிடத்தை மரியாதையாகக் கேட்பதற்குப் பெயர் பிச்சையா? அப்படியானால் நூலாசிரியரிடம் நூலை நீட்டி ஒப்பமிடச் சொல்லும் நாம் எல்லாரும் பிச்சைக்காரர்களே. நூல் வெளியீட்டு விழாக்களில் மாலையும் பொன்னாடையுமாக நாம் அதை எவ்வளவு பெருமையோடு செய்கிறோம்!

கேட்கப்படுகிறவர்களில் பெரியோர் அதை அப்படிக் கருதியதும் இல்லை. கிரிக்கெட் உலகின் மாமனிதர் டான் பிராட்மன் ஓய்வுபெற்ற பின்னரும், அடிலெய்டு நகரத் தம் இல்லத்தில் நாள்தோறும் மணிக்கணக்கில் அமர்ந்து, முகந்தெரியாதவர்களின் மடல்களுக்கெல்லாம் மறுமொழி எழுதியவர். 2001-இல் தம் 92-ஆம் வயதில் அவர் மறைந்தார். (ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்தின் அஞ்சற்பெட்டி எண் 9994. அது பிராட்மனின் சராசரியான 99.94-ஐ நினைவுகூர வைத்த எண் என்பார்கள். அஞ்சலுக்கும் ஆட்டக்காரருக்கும் இப்படியும் ஓர் உறவு!)

மொழியாசிரியன் என்ற முறையில் எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் பள்ளிகளில் உறவுக் கடிதம், நட்புக் கடிதம், அலுவல் கடிதம் எனக் கடிதங்கள் கற்பிக்கிறோம். இல்லாத நண்பனுக்கு, நடக்காத சுற்றுலாவைப் பற்றி, வராத மறுமொழியை எதிர்பார்ப்பதாக மாணவன் எழுதுகிறான். நாம் சிவப்பு மையால் திருத்துகிறோம். நோட்டுப் புத்தகம் மூடப்படுகிறது. அந்தக் கடிதத்தை யாரும் படிப்பதில்லை என்பது மாணவனுக்குத் தெரியும். அதனால்தான் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி உயிரில்லாமல் முடிக்கிறான். அதே மாணவன் ஒரு வீராங்கனைக்கு எழுதும்போது நான்கு முறை கிழித்துப் போட்டு எழுதியதை நான் பார்த்தேன். றகர ரகரம் சரியா என்று அவனாகவே என்னிடம் ஓடிவந்தான். ஆறாண்டுகளாக நான் சிவப்பு மையால் சாதிக்காததை ஓர் அஞ்சல்தலை சாதித்தது.

சரி, என் மாணவர்களிடமே எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை. 'யாருக்கு எழுத விரும்புகிறீர்கள்?' என்று கேட்டபோது வந்த பெயர்கள் எல்லாம் மான்செஸ்டர், லிவர்பூல், மாட்ரிட்! தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பையனுக்கு அந்தக் கனவு வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால், அந்தப் பெரிய கழகங்களுக்கு மூட்டை மூட்டையாக வந்து குவியும் மடல்களை எந்த ஆட்டக்காரரும் பிரித்துக்கூடப் பார்க்க முடியாது. பெரும்பாலும் திரும்பி வருவது அச்சடித்த ஒப்பம் கொண்ட வண்ணப்படம்.

அப்படி வந்த ஒன்றை வகுப்பில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தோம். பேனாவால் எழுதினால் கோடு ஓரிடத்தில் அழுந்தும், ஓரிடத்தில் மெலியும். மை தாளின்மேல் தனியே படிந்திருக்கும். இதிலோ ஒப்பமும் புல்வெளியும் ஒரே நுண்புள்ளிகளால் ஆனவை. இன்னொரு வகையும் உண்டு. உண்மைப் பேனாவைப் பிடித்து எந்திரம் எழுதும் ஒப்பம் அது. இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கோட்டுக்குக் கோடு பொருந்தும். மனிதர் எவரும் தம் பெயரை இருமுறை அச்சாக ஒன்றுபோல் எழுத மாட்டார். இந்தப் பாடத்தை எந்த அறிவியல் நூலும் என் மாணவர்களுக்குக் கற்றுத் தரவில்லை.

பணம் நுழைந்த இடத்தில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1990-களில் போலிக் கையொப்பக் கும்பல்களைத் துரத்திப் பிடித்தது. சந்தையில் விற்கப்படும் விளையாட்டுக் கையொப்பங்களில் பாதிக்கு மேல் போலியாக இருக்கக்கூடும் என்று அத்துறை கருதியது. பறிமுதல் செய்த பொருள்களுக்கிடையே அன்னை தெரேசா 'ஒப்பமிட்ட' பேஸ்பால் பந்துகளும் இருந்தன! சிரிப்பதா அழுவதா, சொல்லுங்கள்.

ஆகவே, "இதை விற்றால் எவ்வளவு வரும், சார்?" என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு தகவல். என் மாணவர்கள் எல்லாரும் 'என் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்' என்றே கேட்கிறார்கள். 'அன்புத் தம்பி இன்னாருக்கு' என்று எழுதிவிட்டால் வணிகர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த இன்னாரைத் தவிர வேறு யாருக்கு அது வேண்டும்? விலை குறைகிறது. அதற்காகத்தான் அப்படிக் கேட்கச் சொல்கிறேன்.

இனி, நம்மவர்களைப் பற்றிப் பேசலாம். எம். ஜெகதீசன் யார் என்று என் வகுப்பில் கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சலோட்டம் மூன்றிலும் தங்கம் வென்ற மருத்துவர். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை ஓடிய 20.92 வினாடி, 2017-ஆம் ஆண்டுவரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, நம் நாட்டின் சாதனையாக நின்றது. அதே பாங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் எம். ராஜமணி. தாப்பாவில் பிறந்த தமிழ்ப்பெண். நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் இவ்விருவருக்கும்தான் போயின. 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நெடுநடையில் தங்கம் வென்ற ஜி. சரவணனின் பெயரும் என் மாணவர்களுக்குப் புதிதாகவே இருந்தது. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல்காவலர் ஆர். ஆறுமுகம் 1988-இல் சாலை விபத்தில் மறைந்துவிட்டார். அவருக்கு இனி எந்தப் பிள்ளையும் மடல் எழுத முடியாது. மான்செஸ்டரின் மாற்று ஆட்டக்காரர்வரை ஒப்பிக்கும் பிள்ளைக்கு இவர்களைத் தெரியாமற்போனது பிள்ளையின் குற்றமா?

இன்று ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். எம். தீனா, பேர்லி தானுடன் சேர்ந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றார். மறு ஆண்டே அதே பாரிசில் நடந்த உலகப் பூப்பந்துப் போட்டியில் இருவரும் வெள்ளிப்பதக்கம் வென்றனர். எங்கள் சிரம்பானிலேயே பிறந்தவர் எஸ். கிசோனா. 2019 மணிலா சீ விளையாட்டில் பெண்கள் ஒற்றையர் தங்கம் அவருடையது.

கிசோனாவின் பெயரைச் சொன்னவுடன் நான் இதை எழுத நேர்ந்த உண்மையான காரணத்துக்கு வந்துவிட்டேன். 2021-இல் பின்லாந்தில் நடைபெற்ற சுதிர்மான் கிண்ணப் போட்டியில், ஜப்பானுக்கு எதிரான அரையிறுதியில் கிசோனா தோற்றார். ஆட்டத்தில் தோல்வி இயல்பு. ஆனால், அரசியல்வாதி ஒருவர் முகநூலில், எந்தத் தோட்டத்திலிருந்து இவளைப் பிடித்து வந்தார்கள் என்னும் பொருள்பட, நம் இனத்தை இழிக்கும் சொல்லையும் சேர்த்து எழுதினார். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டார். நாமும் கொதித்தோம், பகிர்ந்தோம், மறந்தோம்.

நான் மறக்காமற் போனதற்குக் காரணம் என் மாணவி ஒருத்தி. உறையின் பின்புறம் அனுப்புநர் முகவரி எழுதும்போது அவள் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "ஐயா, தோட்டத்துப் பேரு வேணாமே? டவுன் பேரு மட்டும் எழுதிக்கட்டுமா?" வயது பதினொன்று. அந்த அரசியல்வாதியின் பதிவை அவள் படித்திருக்க மாட்டாள். 'தோட்டம்' என்றால் தாழ்வு என்று அவளுக்குக் கற்பித்தவர்கள் நாம். 'தோட்டத்துப் புத்தி' என்று பேச்சோடு பேச்சாகத் திட்டுகிறவர்கள் யார்? தோட்டத்தை விட்டுப் பெயர்ந்தவுடன் அதன் பெயரையே வாயில் எடுக்காதவர்கள் யார்? எவனோ ஒருவன் முகநூலில் கேட்டால் கொதிக்கும் நாம், அதே கேள்வியை வீட்டுக்குள் தமிழில் கேட்டுக்கொண்டே இருக்கிறோமே!

தோட்டங்களும் குறைந்துகொண்டு வருகின்றன. நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. பல இடங்களில் தோட்டத்தின் பெயர் எஞ்சியிருப்பது பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டுமே. அந்தப் பெயரையும் உறையில் எழுதக் கூச வேண்டுமா?

நம் பாட்டன்மார் லயத்து வீட்டில் இருந்துகொண்டு ஊருக்கு மடல் எழுத இன்னொருவர் கையை எதிர்பார்த்தார்கள். வந்த மடலோ தோட்ட அலுவலகத்துக்குப் போய்க் கிராணியின் மேசையில் கிடக்கும். சம்பள நாளில் பேரேட்டில் பெருவிரலை உருட்டிவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! கைநாட்டு வைத்தவரின் கொள்ளுப்பேத்தி, தன் பெயரைத் தானே எழுதி ஒப்பமிட்டு, தன் தோட்டத்தின் பெயரை முழுதாய் எழுதி, நாட்டுக்கு ஆடிய ஒருவரிடம் அவர் ஒப்பத்தைக் கேட்கிறாள். இதைப் பார்த்துப் 'பிச்சை' என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

'இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி அனுப்பினால் போதுமே' என்பவர்களுக்கு நீளமாக எழுத எனக்குப் பொறுமையில்லை. அனுப்பிப் பாருங்கள். பத்தாயிரம் இதயக்குறிகளுக்கு நடுவே உங்கள் பிள்ளையின் இதயக்குறியும் ஒன்று. மேலும், மடலுக்குக் காத்திருக்க வேண்டும்: மூன்று வாரம், ஆறு மாதம், சில வேளைகளில் வராமலே போகும். ஒரு வீராங்கனையின் மறுமொழி ஐந்து மாதம் கழித்து வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் நாளையே வணிகர்கள் அவருக்கு எழுதிக் குவிப்பார்கள். மாணவன் மடலில் கேட்டிருந்தது ஒரே கேள்வி: 'தோற்ற அன்றிரவு என்ன செய்வீர்கள்?' அட்டையின் பின்புறம் அவர் நான்கு வரி எழுதியிருந்தார். அது அவனுக்கு எழுதியது; நான் இங்கே வெளியிட மாட்டேன்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள். உறையின்மேல் முகவரி மலாய்மொழியில் இருக்கட்டும். பூப்பந்து ஆட்டக்காரர்களுக்குப் புக்கிட் கியாராவிலுள்ள பூப்பந்துக் கழகப் பயிற்சியகம், மற்ற விளையாட்டினருக்கு அந்தந்தச் சங்கத்தின் அலுவலகம். வீட்டு முகவரியைத் தேடி அலையாதீர்கள், அது அநாகரிகம். மடலைத் தமிழில் எழுதி, கீழே மலாயில் நான்கு வரியில் அதன் சாரத்தைச் சேருங்கள். தமிழ் படிக்காத தமிழ் வீரர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். அட்டை மடங்காமல் இருக்கப் பழைய காலண்டர் அட்டையை வெட்டி உள்ளே வையுங்கள். ஒருவருக்கு ஓர் அட்டைதான். இரண்டு மூன்று வைத்து அனுப்பினால் விற்பதற்கென்று நினைத்துக்கொள்வார்கள்.

1960-களிலும் 70-களிலும் நம் வீரர்களிடம் பெற்ற கையொப்பங்கள் போர்ட்டிக்சன், பகாவ், ரந்தாவ், கிம்மாஸ் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களின் பழைய தகரப்பெட்டிகளில் இருக்கக்கூடும். இருந்தால் ஒரு நிழற்படம் எடுத்து அனுப்பி உதவுங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். ஒப்பமிட்ட நாள், இடம், அப்போது நீங்கள் குடியிருந்த தோட்டத்தின் பெயர், இம்மூன்றையும் மறவாமல் எழுதியனுப்புங்கள்.