அம்பாசடருக்கு ரெட்டை கார்புரேட்டர் எதுக்குங்க?

பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவன் திருவனந்தபுரத்தில் ஒர்க்‌ஷாப் பக்கம் ஒதுங்கினால் ஒரு யோசனை இலவசமாகக் கிடைக்கிறது. "சாரே, ரெண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் வச்சா வண்டி பறக்கும்!" யோசனைதான் இலவசம். ஒரு ஆசான் என்னிடம் கேட்ட தொகை 45,000 ரூபாய். கடைப் பெயரெல்லாம் வேண்டாம் விடுங்க. அப்பா ஈரோட்டில் ஓட்டிய 1978 மார்க் 3 அது, டிரான்ஸ்பரில் என்னோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் படித்தது பி.காம்., ஸ்பேனர் பிடித்தவன் இல்லை. ஆனால் செலவு என்று ஒன்று எழுதினால் எதிரே வரவு என்ன என்று கேட்பது பழகிப்போச்சு.

இவர்கள் எப்போதும் கூப்பிடும் சாட்சி எம்.ஜி.ஏ. 1955ல் வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நம்ம அம்பாசடரில் இருக்கிற அதே பி.எம்.சி. பி சீரிஸ் 1489 சிசி இன்ஜின்தான் அதிலும். ரெட்டை எஸ்.யூ.வோடு முதலில் 68 குதிரைத்திறன், கொஞ்ச நாளில் 72. பொய் இல்லை, பாதி உண்மை. எம்.ஜி.காரன் கார்புரேட்டரை மட்டும் மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை, கம்ப்ரஷனை 8.3க்கு ஏற்றினான். நம்ம வண்டியில் 7.2. அந்த மிச்சக் கதையை ஆசான் சொல்வதே கிடையாது.

நியாயமாக ஒப்பிட வேண்டும் என்றால் 1953ல் வந்த எம்.ஜி. மேக்னெட் இசட்.ஏ.வை எடுக்கணும். அதே இன்ஜின், ஏறக்குறைய நம்ம கம்ப்ரஷன், ரெட்டை எஸ்.யூ., 60 குதிரை. ஒற்றை கார்புரேட்டர் வைத்த ஆஸ்டின் ஏ50 கேம்பிரிட்ஜில் 50. ஆக, பத்து குதிரை கூட வருது, ஒத்துக்கறேன். ஆனால் அந்த 60 கிடைப்பது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து, இன்ஜின் நிமிஷத்துக்கு 4,600 சுற்று சுற்றும்போது! தம்பானூர் ஓவர்பிரிட்ஜ் சிக்னலில் ஆரம்பித்து பட்டம், கேசவதாசபுரம் என்று நகரும் எவன் அந்தச் சுற்றைப் பார்க்கிறான்?

கணக்கு சுலபம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழு கொள்ளளவு காற்றை இழுக்கும். 4,000 சுற்றில் அதிகபட்சம் 3,000 லிட்டர் காற்று, ஒரு நிமிஷத்துக்கு. ஊருக்குள் 2,000 சுற்றில் அதில் பாதி. அதுவும் முழுசாக வராது, ஏனென்றால் த்ராட்டில் தகடு முக்கால்வாசி மூடியிருக்கும். காற்றைத் தடுப்பது கார்புரேட்டரின் அளவு இல்லை சார், உங்க வலது கால்!

அதைத் தாண்டினாலும் ஹெட் இருக்கிறது. இந்த இன்ஜினில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து காற்று போக ரெண்டே ரெண்டு வழி. ஒன்றும் ரெண்டும் ஒரு வழி, மூணும் நாலும் ஒரு வழி. பேங்கில் ரெண்டு கவுண்டரைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே செக் பாஸ் பண்ண ஒரே ஆபீசரை உட்கார வைத்த கதைதான். வாடிக்கையாளர் திட்டுவது யாரை என்று எனக்குத் தெரியும் :-)

எதிர்க் கட்சிக்கும் ஒரு குட்டு. "ரெட்டை கார்புரேட்டர் ரெட்டைப் பெட்ரோல் குடிக்கும்" என்பதும் கட்டுக்கதை. இழுக்கும் காற்றுக்குத் தக்கபடிதான் பெட்ரோல் போகும். எண்பதுகளில் ராஜ்தூத் 350க்கு அந்தப் பேர் வந்ததற்குக் காரணம் அது டூ ஸ்ட்ரோக் வண்டி, கார்புரேட்டர் எண்ணிக்கை இல்லை. ரெண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதபோதுதான் பெட்ரோல் வீணாகிறது. ஒரு ஜோடி முன்னால் இழுக்கும், இன்னொரு ஜோடி முக்கும். ரெண்டையும் சமன் செய்ய ரப்பர் ட்யூபை ஒவ்வொன்றின் வாயிலும் வைத்து 'உஸ்' சத்தத்தைக் காதால் ஒப்பிடணும், அப்புறம் மிக்சரைத் தனித்தனியாக வைக்கணும், ரெண்டு த்ராட்டிலும் ஒரே நொடியில் திறக்க லிங்கேஜைச் சரி செய்யணும். எனக்கு விலை சொன்னவரிடம் அந்த ட்யூபே இல்லை. ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டினால் புகை சர்டிபிகேட்டும் கிடைக்காது.

2025க்குள் நாடு முழுக்க இ20 பெட்ரோல் வந்தாச்சு. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய செட்டிங்கில் மிக்சர் மெலிந்துபோகும். பழைய ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் கெடும். ஒரு கார்புரேட்டரிலேயே இந்தப் பாடு. நாற்பது வருஷம் ஓடித் தேய்ந்த த்ராட்டில் ஸ்பிண்டில் வழியாகத் திருட்டுக் காற்று வேறு நுழையும். காயலான் கடையிலிருந்து வரும் ரெண்டாவது எஸ்.யூ. மட்டும் என்ன புதுசா? ஓட்டை ரெண்டு மடங்கு, அவ்வளவுதான்.

வண்டி இழுக்கவில்லை என்றால் அதற்கு மருந்து வேறே. ஸ்பிண்டில் புஷ் மாற்றுங்க. நீடில், ஜெட் தேய்ந்திருந்தால் புதுசு போடுங்க. மேலே மூடியைக் கழற்றி டேஷ்பாட்டில் எண்ணெய் இருக்கா என்று பாருங்க, முக்கால்வாசி வண்டியில் வறண்டு கிடக்கும். அப்புறம் பாயிண்ட், டைமிங், மேனிஃபோல்ட் கேஸ்கெட். இந்த மார்க் 3க்கு இதைத்தான் செய்தேன், பொன்முடியின் 22 கொண்டை ஊசியும் மூச்சு வாங்காமல் ஏறியது. 45,000த்தில் பெரும்பகுதி இன்னும் என் கணக்கிலேயே இருக்கு.

டிஸ்கி: ஹெட், கேம் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றி ரேஸ் ஓட்டுபவர்கள் இந்தச் சண்டைக்கு வர வேண்டாம். நீங்க ரெண்டு என்ன, ரெட்டை வெபரே போட்டுக்குங்க.