ஆடுவது பாலமா, வண்டியா?

ஸ்ரீரங்கத்திலிருந்து மாம்பழச்சாலை வழியாகச் சிந்தாமணி வருகிறவர்களுக்குக் காவிரிப் பாலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1976-ல் திறந்த பாலம். பழுதுபார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி ஒரு குதி குதிக்கும். என் அப்பா ஓட்டும் அம்பாசடர் டாக்ஸியில் ஏறுகிற பெரியவர்கள், "பாலம் ரொம்ப மோசம்பா" என்பார்கள். அப்பாவும் "ஆமாங்க" என்று தலையாட்டிவிடுவார். 2022-ல் பாலத்தை மூடி, இணைப்புகளையும் அடியில் இருக்கும் தாங்கிகளையும் சரிசெய்து, 2023 மார்ச்சில் திறந்துவிட்டார்கள். பாலம் குதிப்பது நின்றது. வண்டி ஆடுவது நிற்கவில்லை! இனிமேல் பழியைப் போட வேறு இடம் இல்லை.

அப்பா ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். பானெட்டைக்கூடச் சரியாகத் திறக்காமல், "இன்ஜின் போச்சு, இறக்கி வேலை செய்யணும், நாற்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். மாமா, "2008 மாடலுக்கு இது தேவையா? காயலான் கடைக்குத் தள்ளிட்டு லோன்ல புதுசு எடுங்க மாப்ளே" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எங்கள் வீட்டில் லோன் என்றால் முதலில் போவது அந்தத் தோடுதான். நான் இங்கே படிப்பதும் அந்த டாக்ஸி ஓடுவதால்தான்.

நான் படிப்பது ஆட்டோமொபைல். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நான் பாக்கறேன்ப்பா" என்று துணிந்து சொல்லிவிட்டேன்.

முதலில் கேட்கத்தான் செய்தேன். ஐடிலில் ஸ்டியரிங்கும் கியர் ராடும் கிடுகிடுவென்று ஆடுகிறது. கொஞ்சம் ரெய்ஸ் கொடுத்தால் ஆட்டம் குறைகிறது. ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் ஒரு "டொக்". கிளட்ச் விடும்போது இன்னொரு "டொக்". இதைக் கேட்டவுடனே மவுண்டிங் என்று முடிவு கட்டக்கூடாது. ஒரு சிலிண்டர் மிஸ் ஆனாலும் வண்டி இப்படித்தான் ஆடும். புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் தேய்ந்தாலும் "டொக்" வரும். எனவே நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தோம். (டீசல் பிரஷரில் பீய்ச்சும், கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.) எதைத் தளர்த்தினாலும் இன்ஜின் சத்தம் மாறியது, அதாவது நாலு சிலிண்டரும் வேலை செய்கிறது. ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்த்ததில் கிராஸிலும் ஆட்டம் இல்லை.

பிறகுதான் பானெட்டைத் திறந்து வைத்தோம். சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், அப்பாவின் கால் பிரேக்கில். முதல் கியர் போட்டு கிளட்சை மெல்ல விடச் சொல்லி நான் பக்கத்தில் நின்றேன். முன்னால் நிற்கவே கூடாது, வண்டி பாய்ந்தால் ஆள் காலி. கிளட்ச் பிடிக்க ஆரம்பித்ததும் இன்ஜினின் ஒரு பக்கம் இரண்டு விரற்கடை தூக்கிக்கொண்டு எழுந்தது. ரிவர்ஸ் போட்டதும் அந்தப் பக்கமே "டொக்" என்று உட்கார்ந்தது. ஆயில் பேனுக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் லேசாகத் தூக்கிப் பார்த்தால், மவுண்டிங்கில் ரப்பர் தனி, இரும்புத் தகடு தனி என்று வாய் பிளந்து கிடந்தது. தொட்டால் ரப்பர் ஊறிப்போய்க் கொழகொழவென்றிருந்தது. மேலே டாப்பெட் கவர் பேக்கிங்கிலிருந்து மாதக்கணக்கில் ஆயில் சொட்டியிருக்கிறது. இயற்கை ரப்பருக்கு இன்ஜின் ஆயில் ஆகவே ஆகாது. அந்தக் கசிவை நிறுத்தாமல் புது மவுண்டிங் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

முன்னால் இரண்டு, கியர்பாக்ஸ் அடியில் ஒன்று, கூட ஒரு பேக்கிங். எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய். நாற்பத்தஞ்சாயிரம் எங்கே, இது எங்கே!

இந்த ரப்பர் துண்டை நாம் யாருமே மதிப்பதில்லை. 1931-ல் கிரைஸ்லர் கம்பெனி பிளிமத் காரில் இன்ஜினை ரப்பர் மேல் உட்கார வைத்தபோது அதற்கு 'மிதக்கும் சக்தி' என்று பெயரே சூட்டியது. அந்த உரிமையை வாங்கிய பிரான்சின் சித்ரோன் கம்பெனி நீந்தும் அன்னத்தைச் சின்னமாகப் போட்டுக்கொண்டது. நமக்கோ இன்ஜினைப் பிரித்து மாட்டுவதுதான் பெரிய வேலை, மவுண்டிங் சில்லறை வேலை. வள்ளுவர் வைத்தியருக்குச் சொன்ன அறிவுரையை மெக்கானிக்குக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார் என்பது என் தாழ்மையான கருத்து. காரணம் தெரியாமல் ஸ்பேனரை எடுப்பவனுக்குக் கூலி கிடைக்கலாம். வண்டிக்காரனுக்கு என்ன கிடைக்கிறது?

அதற்காகப் பழைய வண்டியை எல்லாம் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே உத்தரப்பாராவில் நின்றுவிட்டது. நம்ம பொன்மலைப் பணிமனையில் நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினையே புதிதாகச் செய்து கொடுத்தார்கள். ஆனால் அது ரயில்வே, அப்பா தனி ஆள். டாக்ஸிக்கு எட்டு வருஷத்துக்கு மேல் போனால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். அங்கே வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது ஆட்டம் அல்ல, துரு. ரப்பரை மாற்றலாம், பேக்கிங்கை மாற்றலாம். மவுண்டிங் உட்காரும் கிராஸ் மெம்பரே துருவில் அரித்துப்போனால் எதன் மேல் எதை மாட்டுவது? அப்போது 1,700-உம் வீண்தான்.

ஆகவே அன்றைக்கே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். கிராஸ் மெம்பர் கெட்டியாக இருந்தது. டிரைவர் பக்கத் தரையில் குத்தின இரண்டு இடத்தில் உள்ளே போய்விட்டது. அதை அப்பாவிடம் மறைக்கவில்லை. "தரைக்குத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணிக்கலாம்ப்பா. ஆனா ஒவ்வொரு எஃப்.சி.க்கு முன்னாலயும் குத்திப் பாக்கணும். கிராஸ் மெம்பர்ல எறங்குச்சுன்னா வண்டியை விட்டுடணும்" என்றேன். கொஞ்ச நேரம் பானெட்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

"சரி தம்பி, அதையும் நீயே குத்திப் பாரு" என்றார். அடுத்த எஃப்.சி. ஆவணியில்.