அடித்த கையும் பத்து லட்சம் கையெழுத்தும்

சூடான சாப்பாடு இல்லை என்பதற்காக ஒரு முதலாளித்தனமான கை, கூட வேலை செய்கிறவரின் வாயில் குத்தியது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அடிபட்டவர் திருப்பி அடிக்கவில்லை. தானே ஆஸ்பத்திரிக்குப் போனார். 'என் வேலை போச்சு' என்றுதான் நினைத்தார். அடிபட்டவனுக்கே வேலை போகும் என்ற பயம் வருகிறதே, அதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

2015 மார்ச் 4. இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் ஒரு விடுதி. அடித்தவர் ஜெரமி கிளார்க்சன். பிபிசியின் 'டாப் கியர்' என்ற கார் நிகழ்ச்சியை நடத்தி உலகம் பூராவும் பேர் வாங்கியவர். அடிபட்டவர் அதே நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ஓஷீன் டைமன். பிபிசி நடத்திய விசாரணையின்படி அடி சுமார் 30 விநாடி. இன்னொருவர் குறுக்கே வந்ததால்தான் நின்றது. வசவு அதற்குப் பிறகும் நீண்டது. வேலையைவிட்டுத் தூக்கிவிடுவேன் என்ற மிரட்டலும் அதில் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அடித்தவருக்கு ஆதரவாகப் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மனுவை ராணுவ டாங்கி போன்ற ஒரு வண்டியில் ஏற்றி பிபிசி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். பிரதமர் டேவிட் கேமரூன், அவர் என் நண்பர், பெரிய திறமைசாலி என்றார். ரத்தம் வந்த உதட்டுக்காக எந்த டாங்கியும் புறப்படவில்லை. டைமனுக்கு வந்தது வசையும் கொலை மிரட்டலும்தான்.

'திறமை' என்ற சொல்லை நான் சந்தேகிக்கிறேன். அறை போட்டு, வண்டி ஏற்பாடு செய்து, படப்பிடிப்பை ஓட்டி, கடைசியில் சோறும் தேடித் தருகிற உழைப்பின் மேல்தான் அந்தத் திறமை உட்கார்ந்திருக்கிறது. திரையில் தெரிவது ஒரு முகம். அந்த முகத்தைத் தாங்குகிற தோள்கள் திரைக்கு வெளியே நிற்கின்றன. முகத்துக்குப் பேர் உண்டு, ரசிகன் உண்டு, பிரதமர் உண்டு. தோளுக்கு எவன் இருக்கான்?

அடியைவிட வசவை நாம் கவனிக்க வேண்டும். டைமன் தொடுத்த வழக்கு காயத்துக்காக மட்டுமில்லை, இனப் பாகுபாட்டுக்காகவும்தான். சோம்பேறி என்று ஏசியதோடு அவர் ஐரிஷ்காரர் என்பதையும் சேர்த்து ஏசியதாகச் செய்தி. கோபம் வந்தால் வேலையைத் திட்டலாம். பிறப்பை ஏன் இழுக்கணும்? கோபத்தில் தவறி விழுந்த வார்த்தை என்பார்கள். தவறி விழுகிற வார்த்தை எப்போதும் கீழே இருக்கிறவன் தலையிலேயே விழுவது எப்படி என்று யாராவது விளக்கட்டும். 2016 பிப்ரவரியில் வழக்கு சமரசமாக முடிந்தது. ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு என்று பத்திரிகைகள் எழுதின. கிளார்க்சன் மன்னிப்புக் கேட்டார்.

அவருக்காகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நடந்ததை பிபிசிக்கு அவரே முதலில் தெரிவித்தார்; டைமனிடம் பலமுறை வருத்தம் தெரிவிக்கவும் முயன்றார். அது உண்மை. ஆனால் அந்த ஒரு ராத்திரி மட்டும் கணக்கில்லை. 2014இல் ஆசியர்களைக் குறிக்கும் ஒரு இழிசொல்லுக்காக ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் அந்த நிகழ்ச்சியைக் கண்டித்தது. கறுப்பர்களை இழிக்கும் சொல் கலந்த ஒளிப்பதிவும் அதே ஆண்டு வெளியானது. இனி ஒருமுறை என்றால் வேலை போகும் என்று எச்சரிக்கப்பட்டதாக அவரே எழுதினார்.

அதற்கும் முன்னால், 2011 கிறிஸ்துமஸுக்கு, இந்தியாவில் எடுத்த நிகழ்ச்சியில் ஜாகுவார் காரின் பின்னால் கக்கூஸ் பொருத்திக்கொண்டு வந்தார். இந்தியத் தூதரகத்துக்குக் கோபம் வந்து பிபிசிக்குப் புகார் போனது. தேசத்தின் மானம் போச்சாம்! மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் போட்டு, அது போதாமல் 2013இல் இன்னொன்று போட்ட தேசம் இது. கக்கூஸைக் காட்டிச் சிரித்தால் மானம் போகிறது. அதில் மனுசனை இறக்கினால் போகவில்லை. கிளார்க்சனின் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. இந்த மானத்தையும் நான் நம்பவில்லை.

2015 மார்ச் 25 அன்று பிபிசியின் தலைமை இயக்குநர் டோனி ஹால் முடிவை அறிவித்தார்: ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. பதவிக்கும் வியாபாரத்துக்கும் ஏற்றபடி ஆளுக்கொரு நியாயம் இருக்க முடியாது என்றார். சரியான பேச்சு. தாமதமான பேச்சும்கூட. சொல் மற்றவர்கள்மேல் விழுந்தவரை அது நகைச்சுவையாக இருந்தது. உள்ளே வேலை பார்ப்பவரின் உதட்டில் விழுந்த பிறகுதான் குற்றமானது.

அடித்தவர் அழிந்துவிடவில்லை. 2016இல் அமேசானில் புதிய நிகழ்ச்சி, 2018இல் வேறொரு தொலைக்காட்சியில் கேள்வி-பதில் நிகழ்ச்சி, 2021 முதல் பண்ணை நிகழ்ச்சி. மேலே இருப்பவன் விழுந்தால் விழுவதற்கு மெத்தை இருக்கிறது. 'ஒருத்தர் வாழ்க்கையே பாழாப் போச்சே' என்று யாராவது அழுதால் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

தோழர்களே, ஒரு நட்சத்திரத்தை நீக்குவதால் நியாயம் வந்துவிடாது. அடிபட்டவர் 'என் வேலை போச்சு' என்று நினைக்காத இடத்தில்தான் நியாயம் தொடங்குகிறது. ஸ்டூடியோவோ செங்கல் சூளையோ, அந்த இடத்தை யாரும் நமக்குப் பரிசாகத் தரப்போவதில்லை. பத்து லட்சம் கையெழுத்து ஒரு பக்கம் இருந்தாலும், குறுக்கே வந்து அடியை நிறுத்த ஒரு கை போதுமாக இருந்தது. அந்தக் கையாக நாம் இருப்போம்.