வராத காருக்கு என்ன விலை?

காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கும் கார்! அதை வாங்குகிறவர்கள் உலகத்தில் மிகச் சிலர். அதைப் பற்றிப் பேசுகிறவர்களோ பல கோடிப் பேர்!

"அடுத்த ஆண்டு புதிய கார் வருகிறதாம். 12 சிலிண்டர் எஞ்சினாம். விலை இவ்வளவாம்!" இப்படிப் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது. செலவு இல்லை. யாருக்கும் கெடுதலும் இல்லை.

ஆனால், இந்த "ஆம்" என்ற சொல்லை நம்பிப் பணத்தைக் கட்டினால் என்ன ஆகும்?

ஜாகுவார் கதை

1988-ம் ஆண்டு அக்டோபர் மாதம். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் மோட்டார் கண்காட்சி நடந்தது. ஜாகுவார் கம்பெனி ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் எக்ஸ்.ஜே.220. அதில் 12 சிலிண்டர் எஞ்சின். 4 சக்கரங்களுக்கும் எஞ்சினின் சக்தி போகும். பார்த்தவர்கள் அசந்து போனார்கள்.

அடுத்த ஆண்டு, "இந்தக் காரைச் செய்து விற்போம். விலை 2 லட்சத்து 90 ஆயிரம் பவுன். முன்பணம் 50 ஆயிரம் பவுன்" என்று அறிவிப்பு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்பணத்துடன் ஓடி வந்தார்கள்.

எல்லாருமே ஓட்டுவதற்காக வந்தவர்கள் அல்ல. "இன்று பதிவு செய்வோம். நாளை லாபத்துக்கு விற்போம்" என்று கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள்.

1992-ல் கார் வந்தது. ஆனால் 12 சிலிண்டர் எஞ்சின் இல்லை! 6 சிலிண்டர் எஞ்சின்தான் இருந்தது. 4 சக்கரங்களுக்குப் பதிலாகப் பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே சக்தி போனது. விலை மட்டும் வளர்ந்திருந்தது. 4 லட்சத்து 70 ஆயிரம் பவுன்!

எஞ்சினை ஏன் மாற்றினார்கள்? பெரிய எஞ்சின் கனம் அதிகம். இடமும் அதிகம் பிடிக்கும். புகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு அதை உட்படுத்துவதும் கடினம். சிறிய எஞ்சினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ என்ற கருவி இரண்டை வைத்தார்கள். 542 குதிரை சக்தி கிடைத்தது. கார் மணிக்கு 210 மைலுக்கு மேல் பறந்தது. கார் மோசம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பணம் கட்டியவர்கள் மனத்தில் இருந்த கார் அது அல்ல!

இதற்குள் பிரிட்டனில் வியாபாரம் படுத்துவிட்டது. லாபத்துக்கு வாங்க ஆள் இல்லை. சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். சிலர் பணம் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டார்கள். 300 கார்கள்கூடச் செய்யாமல் 1994-ல் உற்பத்தி நின்றது.

எதிர்பாராத விலை

ஊகம் இன்னொரு பக்கமும் தவறும்.

அமெரிக்காவில் கார்வெட் என்ற கார் 1953 முதல் வருகிறது. எஞ்சின் டிரைவருக்கு முன்னால் இருக்கும். "அடுத்த கார்வெட்டில் எஞ்சின் டிரைவருக்குப் பின்னால் வரப்போகிறது. விலை எங்கேயோ போய்விடும்" என்று பலர் பேசினார்கள்.

2019 ஜூலை 18-ந் தேதி அந்தக் கார் வெளியே வந்தது. 8 சிலிண்டர், 490 குதிரை சக்தி. விலை? 60 ஆயிரம் டாலருக்கும் 5 டாலர் குறைவு! ஊகம் செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அதே வரிசையில் 2024-ல் இன்னொரு காரை அறிவித்தார்கள். 1,064 குதிரை சக்தி! அதன் விலை 1 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு மேல். இரண்டுக்கும் பெயர் கார்வெட்தான். எஞ்சின் மாறியது, விலை ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிவிட்டது. ஆகவே, "அந்தக் கார் என்ன விலை?" என்று கேட்டால் போதாது. "எந்த எஞ்சினுக்கு என்ன விலை?" என்று கேட்கவேண்டும்.

தேதியும் தவறும். 2017 நவம்பரில் டெஸ்லா கம்பெனி புதிய ரோட்ஸ்டர் என்ற மின்சாரக் காரைக் காட்டியது. விலை 2 லட்சம் டாலர், முன்பணம் 50 ஆயிரம் டாலர், 2020-ல் கார் வரும் என்றார்கள். 2020 வந்தது, கார் வரவில்லை. 2024 முடிந்தபோதும் வரவில்லை!

மூன்று கேள்விகள்

"நமக்கு எதற்கு இந்தக் கதை? நாம் ஜாகுவாரா வாங்கப் போகிறோம்?" என்று கேட்கலாம்.

ஸ்கூட்டர் வாங்கினாலும் முன்பணம் கட்டுகிறோம். வீட்டு மனைக்கும் கட்டுகிறோம். கோடீசுவரனுக்கு 50 ஆயிரம் பவுன் போனால் ஒரு கார் போகும். உழைப்பாளிக்கு 50 ஆயிரம் ரூபாய் போனால், மகளின் படிப்பே நின்று போகும்.

ஆகவே, பணம் கட்டும் முன்பு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

என்ன பொருள் தருவீர்கள்? வரி உள்பட மொத்த விலை என்ன? என்றைக்குத் தருவீர்கள்? தவறினால் பணம் திரும்பி வருமா?

கேள்வி நான்காகிவிட்டது. பரவாயில்லை, நான்காவதுதான் முக்கியம்! பதில்களை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்? அதுவரை விலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பணப்பையை மட்டும் அவிழ்க்க வேண்டாம்.